மோர் கொட்டிய புடவை

நேர்ச்சை அத்தையுடையது. பேரன் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, "பிள்ளையை என் கையில் கொடுத்துவிடு தாயே, தஞ்சாவூரிலிருந்து நடந்தே வந்து உனக்குப் பட்டுப் புடவை சாத்துகிறேன்" என்று மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வீட்டில் கையில் கிடைப்பதையெல்லாம் உடைக்கிறான். முழங்கால் வலி, மருமகளுக்கு வேலை மாற்றம், நடுவில் ஒரு துக்கம் என்று நேர்ச்சை தள்ளிக்கொண்டே போயிற்று. "மாதாவுக்குக் கடன்காரியாகச் சாக மாட்டேன்" என்று இந்த ஆண்டு ஒரே பிடிவாதம். வேளாங்கண்ணி மாதா ஆலயம் பசிலிக்கா என்ற சிறப்பு நிலைக்கு உயர்த்தப்பட்ட 1962இல்தான் அத்தையும் பிறந்தார். "அந்தக் கோயிலுக்கும் எனக்கும் ஒரே வயது. அது நிற்கிறதே, நான் நடக்க மாட்டேனா?" என்று கேட்பவரிடம் என்ன பேசுவது? துணைக்கு நான் கிளம்பினேன்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு. திரு இருதயப் பேராலயத்தில் செபித்துவிட்டு, காவி உடையும் சப்பரமும் ஒலிபெருக்கியுமாகக் குழு புறப்பட்டது. முதல் நாள் காலையில் எல்லாரும் வானதூதர்கள்தான். உச்சி வெயில் ஏறித் தார்ச்சாலை கொதிக்க ஆரம்பித்ததும் இறக்கைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. நிழல் பக்கத்தை யார் பிடித்துக்கொண்டார், இரவில் யாருடைய குறட்டை, செல்போனுக்கு மின்னேற்ற ஒரே இடத்தை யார் வளைத்துப்போட்டார் என்றுதான் பேச்சு ஓடியது.

அம்மாப்பேட்டை தாண்டியபின் நடந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. குழுத்தலைவர் மைக்கில் செபமாலையின் துயர மறையுண்மைகளை, இயேசுவின் பாடுகளை நினைக்கும் ஐந்தையும், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாவதை முடித்துத் தண்ணீர் குடிக்க நின்றவர் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். "என் செருப்பை எவன் வண்டிக்கு அடியில் எறிந்தது? கொஞ்சமாவது அறிவு இருக்கிறதா? ஜெபம் பண்ண வந்தீர்களா, ஊர் சுற்ற வந்தீர்களா?" வயல்வெளி முழுக்க எதிரொலித்தது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அடுத்த மூச்சிலேயே, குரலைத் தாழ்த்தி, "நான்காம் மறையுண்மை. இயேசு சிலுவை சுமந்து செல்கிறார்..."

'உள்ளத்தின் நிறைவையே வாய் பேசும்' என்று ஆண்டவர் சொன்னதைப் பங்குத்தந்தையர் மறையுரையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறார்கள். ஒலிபெருக்கி வைத்து விளக்கியவர் இவர்தான்.

அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. கால் விரல் நகம் பெயர்ந்து இரத்தம் கசிந்தபோதும் சப்பர வண்டியை விடாமல் இழுத்து வந்த மனிதர் அவர். நீடாமங்கலம் அருகே மழை பிடித்துக்கொண்டு மூட்டை முடிச்செல்லாம் நனைந்தபோது, அவரும் முணுமுணுக்கவில்லை, குழுவில் வேறு எவரும் முணுமுணுக்கவில்லை. "ஒப்புக்கொடுப்போம்" என்று பாடிக்கொண்டே நடந்தார்கள். மழை பெரிய துன்பம், அதற்கு மனத்தைக் கட்டிக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்புகிறோம். செருப்புக்கு யார் மனத்தைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள்? அங்கேதான் உள்ளே இருப்பது ஆயத்தம் இல்லாமல், சட்டை மாட்டிக்கொள்ள நேரமில்லாமல், வாசலுக்கு வந்துவிடுகிறது.

திருவாரூர், கீழ்வேளூர். அதைத் தாண்டி ஒரு மோர்ப் பந்தல். வைத்தவர்கள் யாரென்று தெரியாது. அவர்களுடைய வீடு நன்றாக இருக்கட்டும். அத்தை மாதாவுக்கு எடுத்த புடவையைச் சப்பர வண்டியில்கூட வைக்க விடாமல், துணிப்பையில் போட்டு நெஞ்சோடு அணைத்தே கொண்டுவந்தார். வியர்வை இறங்கியிருக்குமோ என்ற பயத்தில் பந்தலில் உட்கார்ந்து உறையைப் பிரித்தார். வான நீலம், அகலச் சரிகை. பக்கத்திலிருந்த பெண்கள் கரையைத் தொட்டுப் பார்த்தார்கள். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. முந்தானையை விரித்தே காட்டினார்.

இரண்டு கையிலும் டம்ளரோடு ஒரு சின்னப் பையன் ஓடி வந்தான். ஏழு வயது இருக்கலாம். யாரோ இடித்தார்கள். வலக்கை டம்ளர் அப்படியே முந்தானையில் கவிழ்ந்தது. பட்டின்மேல் மோர் வழிய, சரிகையில் மல்லித்தழை ஒட்டிக்கொண்டு நின்றது.

அத்தையின் கை மேலே போய்விட்டது. நான் பார்த்தேன், நன்றாகவே ஓங்கிய கை.

பையன் ஓடவில்லை. கண்களை இறுக மூடி, தோளைக் குறுக்கி, அடியை வாங்கிக்கொள்ள நின்றான். ஆனால் இடக்கை டம்ளரை மட்டும் சாயவிடாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல், நேராகப் பிடித்துக்கொண்டிருந்தான். அது அத்தைக்காகக் கொண்டுவந்தது.

ஓங்கிய கை எவ்வளவு நேரம் அந்தரத்தில் நின்றது என்று தெரியவில்லை. பிறகு இறங்கி அவன் தலையில் பதிந்தது. டம்ளரை வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் உப்புப் போடச் சொல்" என்றார். அவ்வளவுதான். அடிபம்பில் முந்தானையை மட்டும் அலசி, சப்பரத்தின் மூங்கிலில் கட்டிவிட்டோம். நாகப்பட்டினம்வரை அது கொடிபோலப் பறந்துகொண்டே வந்தது. நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற பையனுக்கு மாதா காட்சி தந்தாள் என்பது வேளாங்கண்ணி மரபு. குழுவிலிருந்த ஒருவர், "நடுத்திட்டு மோர்க்காரப் பையனையே மாதா அனுப்பியிருக்கிறாள்" என்று உருகினார். "பேசாமல் நடங்கள்" என்றார் அத்தை. அதன் பிறகு வழியெல்லாம் அவர் வாய் திறக்கவில்லை. புடவைக் கறைதான் வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

வேளாங்கண்ணியில் கால் வைத்ததும் அடுத்த சோதனை. தொலைபேசியில் சொல்லி வைத்திருந்த விடுதியில், வாடகை இப்போது இரண்டு மடங்கு என்றார்கள். இல்லையென்றால் அறை இல்லையாம். திருவிழாக் காலத்தில் இது புதிதல்ல. ஆனால் அத்தனை தூரம் நடந்த காலோடு படியில் நின்று கேட்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. எங்கள் இளைஞர்கள் கொதித்துப்போய், இந்த இடம் உருப்படாது, இடிந்து விழும் என்று சாபமே விட்டார்கள். யாக்கோபும் யோவானும் இப்படித்தான். எருசலேமை நோக்கிய பயணத்தில் சமாரியர் ஊரில் தங்க இடம் கொடுக்கவில்லை. உடனே வானத்திலிருந்து நெருப்பை வரவழைக்கட்டுமா என்று கேட்டவர்கள். லூக்கா நற்செய்தியின் அதே 9ஆம் அதிகாரத்தில்தான், மலைமேல் ஆண்டவரின் முகம் ஒளிர்ந்ததைக் கண்ணால் கண்டுவிட்டு இறங்கியிருந்தார்கள் இருவரும். அந்தக் காட்சியையே கண்டவர்களுக்கு ஓர் இரவுத் தங்கல் கிடைக்காதபோது வந்த கோபம் அது என்றால், எங்கள் பையன்களை என்ன சொல்ல? ஆண்டவர் சீடர்களைக் கடிந்துகொண்டு, வேறு ஊருக்கு நடந்தார். நாங்களும் ஆயிரக்கணக்கானவர்களோடு வெட்டவெளியில் பாயை விரித்தோம். கடற்காற்று நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் கூட்டத்தைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. அறை வேண்டுமா என்று ஒருவன், மொட்டையா என்று ஒருவன், கேட்காமலே கையில் மெழுகுவர்த்தியைத் திணித்துவிட்டுக் காசுக்குப் பின்னாலேயே வருகிறவன் ஒருவன். "ஆள் உயர மெழுகுவர்த்தி ஏற்றாவிட்டால் நேர்ச்சை சேராது பாட்டி" என்று அவன் சொன்னபோது, "அதை மாதா சொல்லட்டும்" என்றார் அத்தை. வரிசையில் குழந்தைகள் அழுதன. குறுக்கே புகுந்தவர்களோடு மூன்று மொழிகளில் சண்டை நடந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே முழங்காலில் மணலில் ஊர்ந்துகொண்டே போனார்கள் சிலர். அவர்களுக்கு எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

உள்ளே நுழைந்தோம். போர்த்துக்கீசிய மாலுமிகள் புயலில் பிழைத்த நன்றிக்குக் கொடுத்த பீங்கான் தட்டுகள் பீடத்தில் தெரிந்தன. அதற்கு மேலே, குழந்தையை ஏந்தியபடி, அவள்.

"நகருங்கள், நகருங்கள்" என்கிறார் தொண்டர். கிடைப்பது சில நொடிகள். நான் கேட்க வைத்திருந்த பட்டியல் மறந்துபோயிற்று. அத்தை புடவையை இரண்டு கையாலும் ஏந்தினார். மோர் பட்ட இடம் லேசாகச் சுருங்கியிருந்தது. அந்த இடத்தை மறைக்காமல், மேலே தெரியும்படியே மடித்திருந்தார். அவருக்கு மெதுவாகச் செபிக்கத் தெரியாது. பேரனைப் பற்றிச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அம்மா, அந்தப் பிள்ளையை நான் அடிக்காமல் காப்பாற்றினாயே. உனக்குக் கோடி நன்றி. ஆனால் அந்தக் கை எங்கிருந்து வந்தது தாயே? இத்தனை செபமாலை உருட்டிய கைதானே இது? எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தது? அதை எடுத்துவிடு அம்மா. புடவையோடு அதையும் வாங்கிக்கொள்."

பேரன் பெயரைச் சொல்ல வாயெடுப்பதற்குள் தொண்டர் எங்களை நகர்த்திவிட்டார்.

எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அங்கே நின்றபோது நினைவுக்கு வந்தது, மாதாவும் திருப்பயணம் போனவள்தானே என்று. பாஸ்கா விழாவுக்குப் போய்த் திரும்பும் வழியில் பன்னிரண்டு வயது மகனைக் காணாமல், தேடித் தேடி மூன்று நாளைக்குப் பின் கோவிலில் கண்டவள். அலைந்து களைத்த எந்தத் தாயும் முதுகில் ஒன்று வைத்திருப்பாள். அவள் வாயிலிருந்து வந்தது, "மகனே, ஏன் இப்படிச் செய்தாய்?" என்ற ஒரு கேள்வி. மகன் சொன்ன பதில் விளங்காதபோதும் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் உள்ளத்தில் வைத்துக்கொண்டாள் என்கிறது நற்செய்தி. ஆயத்தமே இல்லாத நேரத்தில் ஓர் உள்ளத்திலிருந்து வெளியே வந்தது கவலையும் அன்பும் மட்டுமே! அவளிடம் போய்த்தான் அத்தை தன் கையை ஒப்படைத்திருக்கிறார். சரியான இடம்.

வெளியே வந்ததும் நேராக, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தன வரிசையில் போய் நின்றுகொண்டார். அதுவும் நீளமான வரிசை. இரண்டு பேர் குறுக்கே புகுந்தார்கள். அத்தை அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார்.

ஆரோக்கியத் தாயே, உமக்கு எப்படி நன்றி சொல்வது? பேரனுக்கு, அத்தையின் முழங்காலுக்கு, வழியில் பெய்த மழைக்கு, பேர் தெரியாத அந்தப் பையனுக்கு, மைக்கை அணைக்க மறந்த எங்கள் தலைவருக்கு, எல்லாவற்றுக்கும் நன்றி. அந்த விடுதிக்காரருக்கும் நல்ல வியாபாரம் கொடும் தாயே. அடுத்த ஆண்டு நாங்கள் வரும்போது, சொன்ன வாடகைக்கே அறை கொடுக்க அவர் மனத்தையும் கொஞ்சம் தொட்டருளும். மரியே வாழ்க!