சிங்கப்பூர்த் தேக்கா கடைவீடு (கீழே கடை, மேலே வீடு), 1:50 மாதிரி: இதுவரை நடந்த வேலை

முகப்பு 5 மீட்டர், ஆழம் 20 மீட்டர். 1:50 கணக்கில் 10, 40 செ.மீ. அஞ்சடிக்கு (கடை முன்னால் உள்ள ஐந்தடி அகல நடைவழி) 3 செ.மீ. விட்டாயிற்று. அதை மட்டும் குறைக்கக்கூடாது. தெருவோரம் மூடிய நடைவழி இடைவிடாமல் போகவேண்டும் என்று பிரிட்டிஷ் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இல் சொன்னதில் பிறந்தது அது. இல்லாவிட்டால் கடைவீடே இல்லை.

முகப்பை முதலில் ஒட்டியது தப்பு. பிற்காலப் பாணி (ஏறக்குறைய 1900–1940) என்பதால் மேல்மாடியில் மூன்று சன்னல், பூவேலை, சுவரில் பதிக்கும் ஓடு. கை தானாக அங்கே போகிறது. ஆனால் சுமை தாங்குவது பக்கச்சுவர் இரண்டும்தான். உத்திரங்கள் சுவருக்குச் சுவர் பாய்கின்றன. தாங்க ஆளில்லாத முகப்பு ஒரே வாரத்தில் வளைந்தது.

இரண்டாம் முறை: 5 மி.மீ. ஃபோம் போர்டில் (நடுவில் ஃபோம் வைத்த அட்டை) பக்கச்சுவர்கள். உள்ளகலம் 9 செ.மீ. உத்திரத்துக்கு 2×4 மி.மீ. பாஸ்வுட் (லேசான மரம்) குச்சிகளை 9.4 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, இரு சுவரிலும் 2 மி.மீ. குழியில் இறக்கி, 8 மி.மீ. இடைவெளியில். ஒரு தளத்துக்கு 40க்கு மேல் போகும். அக்ரிலிக் பெயிண்டை ஒரு பக்கம் மட்டும் அடித்தால் போர்டு சுருளும். இரு பக்கமும் அடிக்கவேண்டும். ஸ்ப்ரே பெயிண்ட் வேண்டவே வேண்டாம், வெட்டிய ஓரத்தில் ஃபோமைக் கரைத்துவிடும்.

அதிக நேரம் தின்றது முற்றம். 4×5 செ.மீ. திறப்பு, தரை 3 மி.மீ. பள்ளம், மூலையில் தண்ணீர் போக ஓட்டை. கூரைச் சரிவு முற்றத்தை நோக்கி இறங்கவேண்டும். வெளிப்பக்கம் திருப்பி ஒட்டிய மாதிரிகள் நிறைய. மேலிருந்து கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்ததில் கீழ்த்தளத்தின் நடுப்பகுதி வரை வெளிச்சம் வந்தது, பின்சுவர் இருட்டாகவே இருந்தது. இடைத்தடுப்பை உச்சியில் 1 செ.மீ. குறைத்ததும் சரியானது.

கூரைக்கு மெல்லிய அட்டைப்பெட்டி. மேல்தாளை ஈரப்படுத்தி உரித்தால் வரிவரியாக ஓட்டுக் கூரை கிடைக்கும். வரிகள் சரிவின் போக்கில் ஓடவேண்டும். நனைந்ததை உடனே ஒட்டக்கூடாது. நம்மூர் ஈரப்பதத்தில் ஒரு ராத்திரி போதாது, இரண்டு நாள் கனமான புத்தகத்தின் அடியில் வைக்கவேண்டும்.

முகட்டில் உயர்த்திய குட்டிக் கூரைக்கு 12 மி.மீ. உயரம். பக்கங்களை அடைக்கவில்லை. சூடான காற்று வெளியேறத்தான் அது. அடைத்தால் வெறும் தொப்பி.

மீதி: அரைக்கதவு, சன்னலுக்குக் கீழே ஓடு. ஆறு அங்குல ஓடு இங்கே 3 மி.மீ. சதுரம், தாளில் அச்சடித்துத்தான் ஒட்டமுடியும்.