ஆடியில் அடைமழை

என் மகளுக்கு எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமைதோறும் இங்கே, பர்மாவின் ரங்கூனில், தமிழ் வகுப்புக்குப் போகிறாள். சென்ற வாரம் வகுப்பில் நடந்த சிறு தேர்வில், அடைமழை பெய்யும் மாதங்கள் எவை என்ற கேள்விக்கு ‘ஆனி, ஆடி, ஆவணி’ என்று எழுதி அரை மதிப்பெண் வாங்கி வந்தாள். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் ‘ஐப்பசி, கார்த்திகை’ என்றுதான் இருக்கிறது. ஆனால் அன்று காலை முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து வந்த ஆசிரியைக்கு, அந்த விடையை முழுத் தவறு என்று அடித்துவிட மனம் வரவில்லை போலும்.

“அம்மா, புத்தகம் தப்பா, வானம் தப்பா?” என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் தோன்றவில்லை. ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்த நானும் ‘ஐப்பசி கார்த்திகை அடைமழை’ என்று சிறுவயதில் ஒப்பித்தவள்தான். ஐப்பசியில் இங்கே வானம் வெளுத்துவிடுகிறதே என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது அவளுடைய அப்பா அதை விளக்கினார். ரசக் கிண்ணம் வங்கக் கடல். அதற்கு வலப்புறம் அப்பளம், அது பர்மா. இடப்புறம் ஊறுகாய்த் தட்டு, அது தமிழ்நாடு. மே மாதக் கடைசியில் தென்மேற்கிலிருந்து வரும் காற்று கடல் நீரையெல்லாம் வாரிக்கொண்டு நேராக நம் கரையில் வந்து மோதுகிறது. தமிழ்நாட்டுக்கோ மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நின்று அந்த மழையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. ஐப்பசியில் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வீசும்போது, நிலத்தின் வழியே நம்மிடம் வருவதால் ஈரமில்லாமல் வந்து, கடலைத் தாண்டும்போது ஈரத்தை ஏற்றிக்கொண்டு அங்கே போய் மழையாகக் கொட்டுகிறது. “அப்படியென்றால் நாம் காயவைத்த காற்றுதான் அங்கே மழையா?” என்று கேட்டுவிட்டு, அவள் பர்மாவை உடைத்துத் தின்றுவிட்டாள்.

இங்கே ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது; சென்னையில் பெய்வதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதிலும் பெரும்பகுதி ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்ற மூன்று மாதங்களிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. பள்ளிக்கூடமும் சரியாக அந்த ஜூன் மாதத்தில்தான் திறக்கிறது. வெள்ளைச் சட்டையும் பச்சை லுங்கியும் சீருடை. பிள்ளைக்கு இரண்டு ஜோடிதான் இருக்கிறது என்று வையுங்கள். ஒன்று உடம்பில் நனைந்திருக்கும், மற்றொன்று கொடியில் மூன்றாவது நாளாக ஈரமாகத் தொங்கும். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத வீட்டில் இஸ்திரிப் பெட்டியை நம்பி இருக்க முடியாது.

இதற்கு என் மாமியாரிடம் ஒரு வழி இருக்கிறது. கரி அடுப்பில் சமையல் முடிந்ததும் தணலைச் சாம்பலால் மூடி, அதன்மேல் பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடையின் முதுகில் லுங்கியை விரித்துப் போடுவார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புறங்கையால் துணியைத் தொட்டுப் பார்த்துத் திருப்பிப் போடுவார். ஈரம் ஆவியாகப் போன பிறகு தணலில் ஒரு சிட்டிகை சாம்பிராணி. பிள்ளை பிறந்த வீட்டில் குழந்தையின் தலைமுடியை உலர்த்தும் அதே கூடைதான் அது. என் மகளின் வகுப்புத் தோழிகள், “உன் லுங்கியில் கோவில் வாசம் வருகிறது” என்கிறார்களாம்.

நாங்கள் இருப்பது நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை. இந்த ஊர் வழக்கப்படி பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்குகிறது. கீழ்முனையில் ஒரு கவ்வி, மேல்முனையில் ஒரு மணி. காய்கறிக்காரர் கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும்; பையை மாட்டிவிடுவார், நாம் மேலே இழுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் வெளியே போக முடியாத என் நான்கு வயது மகனுக்கு இந்த மணிதான் உலகம். சென்ற மாதம் தன் ஒற்றைச் செருப்பைக் கவ்வியில் மாட்டிக் கீழே இறக்கிவிட்டான். திரும்பி வந்த கயிற்றில் செருப்புக்குப் பதில் இரண்டு ரம்புத்தான் பழங்கள் இருந்தன. செருப்பை மறுநாள் நான்தான் போய் வாங்கி வந்தேன். டெங்கு கொசு பகலில் கடிப்பது என்பதால் மதியத் தூக்கத்துக்கும் கொசுவலை கட்டுகிறோம். அவனுக்கு அது பிடிக்கவில்லை. வலைக்குள் படுத்திருந்தால் மணிக்கு ஓட முடியாதே.

மழை நிற்பதைப் பிள்ளைகளுக்கு அறிவிப்பது தடிஞ்சுத் பௌர்ணமி. புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ வரும் அந்த விளக்குத் திருநாளில் எதிர்வீட்டுப் பர்மியப் பிள்ளைகள் பால்கனிக் கம்பிகளில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பெரியவர்களை மண்டியிட்டு வணங்கிக் காசு வாங்குவார்கள். பெரும்பாலும் அதையடுத்து வரும் அமாவாசையில் நமக்குத் தீபாவளி. என் பிள்ளைகள் இரண்டு முறையும் வணங்கி, இரண்டு முறையும் காசு வாங்குகிறார்கள்.

குளிர்காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மார்கழியில் விடியற்காலை 17, 18 டிகிரிக்கு இறங்கியதும் ஊரே கம்பளித் தொப்பியை எடுத்துவிடும். தையில் நம் வீட்டுப் பொங்கல் கீழ்மாடிக்குப் போகும். சில வாரங்கள் கழித்து அங்கிருந்து எள்ளும் நிலக்கடலையும் தேங்காயும் இஞ்சியும் போட்டுக் கிண்டிய தமனே என்ற பசையரிசிப் பண்டம் மேலே வரும்.

சித்திரை வெயிலுக்குத் தனாக்கா என்ற மரக்கட்டைப் பூச்சு. மாமியார் சந்தனம் இழைப்பதுபோலவே கட்டையைக் கல்லில் இழைத்து இரண்டு கன்னங்களிலும் வட்டமாகப் பூசி, நெற்றியில் திருநீறும் இட்டு அனுப்புவார். ஏப்ரல் நடுவில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவும் நம் புத்தாண்டும் ஒன்றாக வருகின்றன. அந்த நாட்களில் ஒரு தூறல் விழுந்தால் படௌக் மரங்கள் பொன்னாகப் பூத்து, மறுநாளே உதிர்த்துவிடும். அது நம் வேங்கையின் இனம். வேங்கைப் பூப்பறிக்கப் போகும் மலைநாட்டுப் பெண்கள் ‘புலி, புலி’ என்று கூவினால் கிளை தாழும் என்ற பழைய நம்பிக்கையைச் சொன்னதுதான் நான் செய்த பிழை. என் மகள் தெருமுனை மரத்தடியில் நின்று புலி, புலி என்று கத்த, தேநீர்க்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

மகனுக்கு நடந்தது வேறு. திஞ்சானுக்குத் தெருவில் பசையரிசி மாவை உருட்டி, உள்ளே பனைவெல்லம் வைத்து, கொதிநீரில் மிதக்கும்வரை வேகவைத்துத் தேங்காய்த் துருவலோடு கொடுப்பார்கள். விளையாட்டுக்கு ஒன்றிரண்டில் மட்டும் வெல்லத்துக்குப் பதிலாகப் பச்சைமிளகாய் இருக்கும். நூறு உருண்டைகளில் அந்த ஒன்று அவன் வாய்க்குத்தான் வந்தது. அரை மணி நேரம் அழுதான். பிறகு மறந்துவிட்டான் என்றே நினைத்திருந்தோம்.

பிள்ளையார் சதுர்த்தி அன்று வெளியே விடாத மழை. கொழுக்கட்டைத் தட்டைப் பூசை மாடத்தருகே வைத்துவிட்டு நான் விளக்குக்கு எண்ணெய் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது இருபத்தொரு கொழுக்கட்டைகளும் நடுவே பிளந்து கிடந்தன. விரலெல்லாம் பூரணத்தோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒன்றையும் தின்னவில்லை.

“என்னடா செய்தாய்?”

“மிளகாய் இருக்கான்னு பார்த்தேன். பிள்ளையார் அழுவார் இல்லையா?”

நான் வாயைத் திறப்பதற்குள், “நீ பேசாமல் இரு, தாயி” என்று சொல்லிவிட்டு என் மாமியார் கிண்ணத்துத் தண்ணீரில் விரலை நனைத்தார். ஒவ்வொரு கொழுக்கட்டையாக எடுத்து, பிளவை அழுத்தி ஒட்டி, மறுபடி தட்டில் அடுக்கினார். “எல்லாம் பார்த்துவிட்டாயா?” என்று பேரனைக் கேட்டார்.

“பார்த்துட்டேன், அப்பத்தா.”

“அப்படியென்றால் மணியை அடி.”

அவன் எழுந்து பால்கனிக்கு ஓடினான்.