கிளப்பிவிடுறது அங்கிட்டு, வாங்கிக்கிறது இங்கிட்டு

நம் இங்கிலீஷ் சார் தவறிவிட்டார் என்று நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது இங்கே லண்டனில் அதிகாலை நான்கு மணி. அதற்குமேல் தூக்கம் வரவில்லை. கரும்பலகையில் அவர் இழுத்த அம்புக்குறிதான் கண்ணுக்குள் நின்றது.

1979, ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, வேப்பமரத்துக் கட்டடம். ஆய்வுக்கு வந்த அதிகாரி என்னை எழுப்பி, இங்கிலீஷ் பாடம் எப்படி என்று இங்கிலீஷிலேயே கேட்டார். 'ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் சார்' என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, "அதை நாங்க சொல்லணும் தம்பி" என்றார். வகுப்பே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் நின்றேன் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலம் சைக்கிளில் ஏறாமல் வீடுவரை தள்ளிக்கொண்டே போனேன்.

மறுநாள் சார் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. 'எனக்குச் சலிப்பாக இருக்கிறது' என்று தமிழில் எழுதி, அதில் 'கு'வுக்கு வட்டம் போட்டார். "சலிப்பு வந்தா நாம 'நான்'னு ஆரம்பிக்கிறமா? நாலாம் வேற்றுமை போட்டு 'எனக்கு'ங்கிறோம். இங்கிலீஷ்காரன் அதே இடத்துல 'ஐ'யை உக்கார வைக்கிறான். அங்கதான் நம்ம பிள்ளைகளுக்குத் தடுக்குது." யார் பிள்ளை என்று அவர் சொல்லவில்லை. நான் தலையை நிமிர்த்தினேன்.

பிறகு நன்னூலுக்குப் போய்விட்டார். மகிழ்ந்தான், மகிழ்வித்தான், 'வி' சேர்ந்தால் பிறவினை, அதாவது இன்னொருவரைச் செய்ய வைக்கிற வினை. இங்கிலீஷில் போர், இன்ட்ரஸ்ட், சர்ப்ரைஸ், கன்ஃப்யூஸ் எல்லாம் விகுதி சேர்க்காமலே பிறவினை. போர் என்றால் சலிப்பூட்டு, கன்ஃப்யூஸ் என்றால் குழப்பிவிடு. அதனால் சலிப்பை ஊட்டுவது போரிங், ஊட்டப்பட்டவன் போர்டு. இரண்டுக்கும் நடுவே அம்புக்குறியை இழுத்தார். "கிளப்பிவிடுறது அங்கிட்டு, வாங்கிக்கிறது இங்கிட்டு. அம்பு எங்க கிளம்புது, எங்க தைக்குதுன்னு பாருங்கடா, போதும்."

'ஆளுக்கு ஈடி, பொருளுக்கு ஐஎன்ஜி' என்று நாம் மனப்பாடம் செய்துவைத்திருந்த விதியை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. விடிய விடியத் தன் பெருமை பேசுகிற மனிதர் போரிங்தான், எதிரே உட்கார்ந்திருப்பவர் போர்டு. இரண்டு பேருமே ஆள்தானே என்பார். இங்கே முப்பது வருஷம் ஆபீசில் காது கொடுத்துக் கேட்டதில் அவர் சொன்னது ஒரு இடத்திலும் பொய்க்கவில்லை. எல்லாச் சொல்லும் ஜோடியாக வராது என்றும் சொல்லியிருந்தார். ஸ்கேர்டுக்கு எதிரில் ஸ்கேரி, இம்ப்ரஸ்டுக்கு எதிரில் இம்ப்ரஸிவ். அவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

1988இல் லண்டன் வந்தேன். மாதம் ஒரு ஏரோகிராம் அவருக்கு இங்கிலீஷில் எழுதுவேன். மதுரைத் தெப்பக்குளம் வீட்டிலிருந்து பச்சை மையில் திருத்தி, உறையில் போட்டுத் திருப்பி அனுப்புவார். என் இங்கிலீஷ் அப்படித்தான் தேறியது. ஆபீசில் எனக்குக் கிடைத்த ஒவ்வொரு உயர்விலும் அந்தப் பச்சை மை இருக்கிறது. அடியில் தமிழில் ஒரே ஒரு வரி எப்போதும் இருக்கும்: "தைத் தெப்பத்துக்கு வந்துட்டுப் போப்பா." வைகையில் தண்ணீர் வராமல், குளம் நிரம்பாமல், தெப்பம் மிதக்காமல் நிலைத்தெப்பமாக நடந்த வருஷங்களிலும் அந்த வரி வந்தது.

நான் போகவில்லை. வேலை, பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன். ஒரு தையில் டிக்கெட் எடுத்துவிட்டுக் கடைசி வாரத்தில் ரத்து செய்தேன். 'இட் இஸ் வெரி டிஸப்பாயின்டிங்' என்று அவருக்கு எழுதினேன்.

அந்தக் கடிதம் ஒரு திருத்தமும் இல்லாமல் திரும்பி வந்தது. டிஸப்பாயின்டிங் என்ற சொல்லிலிருந்து ஒரு பச்சை அம்புக்குறி மட்டும் கிளம்பி, தாளின் ஓரத்தில் வெற்றிடத்தில் போய் நின்றது. கீழே எழுதியிருந்தார்: "இலக்கணம் சரி. யாருக்குன்னு எழுதலையேப்பா."

அன்றிரவே பதில் எழுத உட்கார்ந்தேன். 'டியர் சார், ஐ ஆம்' என்பதோடு நின்றுபோன அந்த ஏரோகிராம் இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது.