வேறு வீட்டில் வாழ்ந்த கணினியை நம் வீட்டு வைஃபையில் சேர்ப்பது

வன்னியில் எனக்குத் தெரிந்த பல வீடுகளுக்கு முதன்முதலில் வந்த கணினி புதியதல்ல. கனடாவிலோ சுவிஸிலோ ஜேர்மனியிலோ இருக்கும் உறவினர் பாவித்துவிட்டு, ஊருக்கு வருபவரிடம் கொடுத்தனுப்பியதாகவோ, கொழும்பு அலுவலகம் ஒன்று கழித்துவிட்டதைக் கிளிநொச்சிக் கடையில் வாங்கியதாகவோ அது இருக்கும். அப்படி வந்த மடிக்கணினி வீட்டு வைஃபையில் சேராவிட்டால், பழசு, இனி உதவாது என்று அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளை பழையபடி கைபேசியின் சிறிய திரையில் வினாத்தாளைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்க்கிறது. இது எனக்கு மிகுந்த மனவருத்தம் தருகிறது. அவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றுள் நான் திறந்து பார்த்த பலவற்றில் பழுது எதுவும் இருக்கவில்லை. முன்பு இருந்த வீட்டின், நாட்டின் அமைப்புகளை அவை இன்னமும் வைத்திருந்தன.

விசுவமடுவில் என் தங்கையின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கனடாவிலிருந்து வந்த மடிக்கணினியில் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் தெரிந்தன, வீட்டு ரவுட்டரின் பெயர் மட்டும் தெரியவில்லை. "மாமா, போனில வருது, இதில பேரே இல்லை" என்றாள் மருமகள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, அது தானாகவே 13ஆம் சனலை, அதாவது வைஃபை போகும் அலைப் பாதைகளில் 13ஆவதைத் தெரிவுசெய்திருந்தது. 2.4 கிகாஹேர்ட்ஸ் என்ற அலைவரிசையில் இயங்கும் வைஃபையில் வட அமெரிக்காவில் பொதுவாக 1 முதல் 11 வரையான சனல்களே பாவனையில் இருப்பதால், அந்தச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட வைஃபை அட்டைகள் (கணினிக்குள் வைஃபையைப் பிடிக்கும் பாகம்) பல 12ஐயும் 13ஐயும் தேடுவதேயில்லை. எங்கள் ரவுட்டரோ அவற்றையும் பாவிக்கிறது. சனலை 6 என்று மாற்றிச் சேமித்தவுடன் பெயர் வந்துவிட்டது. அமைப்புப் பக்கத்தின் முகவரியும் அதற்கான கடவுச்சொல்லும் பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரிலேயே இருக்கும். 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் என்பதால் அவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்வது நல்லது. பெயர் தெரியாமற்போக இன்னொரு காரணமும் உண்டு. பழைய அட்டைகள் பலவற்றுக்கு 5 கிகாஹேர்ட்ஸ் என்ற மற்ற அலைவரிசை தெரியாது. ஆகவே ரவுட்டரில் 2.4 நிறுத்தப்பட்டிருந்தால் அதை மீண்டும் இயக்க வேண்டும்.

ஜேர்மனியிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வரும் கணினிகளின் சிக்கல் வேறு. அங்குள்ள விசைப்பலகையில் Y, Z ஆகிய எழுத்துகள் இடம் மாறியிருக்கும், குறியீடுகளும் வேறு விசைகளில் இருக்கும். விசையில் அச்சிட்டிருப்பது ஒன்றாகவும் வின்டோஸ் எழுதுவது வேறாகவும் இருக்கும்போது, சரியான கடவுச்சொல்லை அடித்தாலும் பிழை என்றே வரும். கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் அடையாளத்தை அழுத்தி, உண்மையில் என்ன பதிவாகிறது என்று பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

வைஃபை அடையாளம் நிறைவாகத் தெரிந்தும் ஒரு பக்கமும் திறக்காத நிலைதான் பலரையும் கைவிடச் செய்கிறது. அப்போது முதலில் திரையின் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். நெடுங்காலம் நிறுத்தி வைத்திருந்த கணினியில், கடிகாரத்தை ஓடவைக்கும், பெரும்பாலும் சிஆர்2032 வகையான, சிறிய வட்ட பற்றரி செத்திருக்கலாம். ஆண்டு பத்துப் பதினைந்து வருடம் பின்னால் போயிருக்கும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு என்பதால், திகதி பிழைத்த கணினி நல்ல தளத்தையும் நம்பாமல் எச்சரிக்கை காட்டித் தடுக்கும். திகதியைத் திருத்தினால் உடனே திறக்கும். பற்றரியை மாற்றினால் மின்சாரம் போய் வந்தாலும் நிலைக்கும். அலுவலகத்திலிருந்து வந்த கணினி என்றால், அங்கே கையால் எழுதிவைத்த ஐபி முகவரி (வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் எண்) நீங்காமல் இருக்கிறதா என்பதையும் பார்த்து, முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்ற வேண்டும்.

முந்தியவரின் கோப்புகளும் கணக்குகளும் இருக்கும் கணினியில் வின்டோஸை முழுமையாக மீள நிறுவுவதே இரு தரப்புக்கும் நல்லது. நிறுவியபின் வைஃபைக்கான டிரைவர், அதாவது அந்த அட்டையை இயக்கும் மென்பொருள், இல்லாமற்போகலாம். அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். அன்ட்ரொய்ட் கைபேசியை யூஎஸ்பி வயரால் பொருத்தி, கைபேசியின் இணையத்தை வயர் வழியே கணினிக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் இந்த முடிச்சு பெரும்பாலும் அவிழும். அட்டையே செத்திருந்தால், விரல்நுனி அளவான யூஎஸ்பி வைஃபை அடப்டர் போதும்.

பழைய கணினிக்காக ரவுட்டரின் பாதுகாப்பை டபிள்யூஈபி (WEP) என்ற பழைய வைஃபை பூட்டு வரை இறக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். அந்தப் பூட்டைச் சில நிமிடங்களில் உடைத்துவிடலாம். 2006க்குப் பின் வைஃபை சான்றுபெற்ற கருவிகள் அனைத்திலும் அதைவிடப் பலமான டபிள்யூபிஏ2 (WPA2) இருப்பது கட்டாயம். அதுவே இதற்குப் போதுமானது. ரவுட்டரில் அதற்கு அடுத்த டபிள்யூபிஏ3 (WPA3) மட்டும் இருந்தால், இரண்டும் கலந்த தெரிவுக்கு மாற்றுங்கள்.

வின்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும் வின்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இலும் முடிந்துவிட்டன. வின்டோஸ் 11ஐ ஏற்காத கணினிக்கு லினக்ஸ் மின்ட் நல்ல தெரிவு. படிப்புக்குத் தேவையான உலாவியும் எழுத்துச் செயலியும் அதிலேயே வருகின்றன. வின்டோஸையே வைத்திருப்பவர்கள், இணைந்த உடனேயே வைஃபை அமைப்புக்குள் சென்று அப்டேட்டுகள் தானாக இறங்குவதைக் குறைக்கும் மீட்டர்ட் கனெக்ஷன் என்பதை இயக்கிவிட வேண்டும். எங்கள் பகுதியில் பல வீடுகளில் இருப்பது சிம் போட்ட 4ஜி ரவுட்டர். நெடுநாள் மூடியிருந்த கணினி விட்டுப்போன அப்டேட்டுகளை எல்லாம் ஒரே மூச்சில் இறக்கத் தொடங்கினால், மாதத்து டேற்றா அன்றைக்கே கரைந்துவிடும். இரவுக்கெனத் தனி டேற்றா உள்ள பக்கேஜ் எடுத்தவர்கள், படுக்கப்போகும்போது மீட்டர்ட் கனெக்ஷனை நிறுத்திவிட்டு அப்டேட்டை ஓட விடலாம்.