"வாரண்டி கட்" என்றார்கள், எழுத்தில் தா என்றேன்

சேர்விஸ் ஒன்று விடுபட்டுப்போச்சு என்று சொல்லி கார்க் கம்பனியின் ஏஜென்ட் ஆட்கள் "வாரண்டி கட்" என்றால், அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். என்ன காரணம், வாரண்டிப் புத்தகத்தில் எந்தப் பிரிவு, விடுபட்ட சேர்விஸுக்கும் பழுதான சாமானுக்கும் என்ன தொடர்பு என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அப்படிக் கேட்டதால்தான் எனக்கு நாலு லட்சத்துச் சொச்சம் தப்பியது. கம்பனியின் பெயர் வேண்டாம். விசாரித்துப் பார்த்ததில் மற்ற ஏஜென்ட்களிடமும் இதே கதைதான்.

கார் 2020 ஜனவரியில் ஏஜென்டிடமே புதிதாக எடுத்தது. அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது அதற்குப் பிறகு, மார்ச்சில். வாரண்டி ஐந்து வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீற்றர். சேர்விஸ் 5,000 கிலோமீற்றருக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துதோ அது. இந்த "எது முந்துதோ" என்பதில்தான் நம்மில் பாதிப்பேர் மாட்டுப்படுகிறோம். மீற்றரைப் பார்த்து "இன்னும் ரெண்டாயிரம் ஓடலாம்" என்று இருப்போம். கம்பனிக்காரன் கலண்டரைப் பார்ப்பான்.

2024 நவம்பர் மழைக்குள், திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் ஏறித் திரும்பும்போது டாஷ்போர்டில் மஞ்சள் ஸ்டியரிங் வெளிச்சம் எரிந்தது. அந்த நொடியே ஸ்டியரிங் இறுகிவிட்டது. இரண்டு கையாலும் முழுப் பலத்தையும் போட்டுத்தான் கேற்றுக்குள் திருப்பினேன். டவுனில் எனக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஸ்கானரைப் போட்டுப் பார்த்தார். ஸ்டியரிங் கொலம், அதாவது ஸ்டியரிங் தண்டு, அதிலிருக்கிற சென்சரில் பிழை. "தம்பி, இதில நான் கை வைச்சா அதையே சாட்டாச் சொல்லுவாங்கள். நேரா ஏஜென்டிட்ட கொண்டு போ" என்றார். ஸ்கானர் திரையையும் மீற்றரையும் படம் எடுத்துக்கொள்ளவும் சொன்னார். நல்ல மனுசன்.

திருகோணமலைக்குக் கிட்ட ஏஜென்டின் கிளை அனுராதபுரத்தில்தான். ஹொரவப்பொத்தானை வழியாக நூறு கிலோமீற்றருக்கு மேல். நேர் ரோட்டில் ஓட்டலாம், வளைக்கத்தான் தோள் கழன்றுபோகும். அங்கே சேர்விஸ் அட்வைசர் காருக்குக் கிட்டவும் வரவில்லை. கம்ப்யூட்டரில் நம்பரை அடித்தார். "சேர், 2022ல ரெண்டு சேர்விஸ் இல்ல. வாரண்டி கட்." ஸ்டியரிங்தானே பழுது என்றேன். "எதெண்டாலும் கட்தான் சேர்." அதை எழுதித் தாருங்கள் என்றதும் முகம் மாறியது. அப்படிக் கடிதம் கொடுக்கிற வழக்கம் இல்லையாம், முடிவெல்லாம் கொழும்பிலாம். கடைசியில் ஸ்கான் பண்ணின கூலி என்று ஒரு பில்லை மட்டும் நீட்டினார்கள். கட்டிவிட்டு, அதே இறுகின ஸ்டியரிங்கோடு திரும்பினேன். அந்த பில்லைக் கிழித்துப்போடாமல் இருந்தது என் அதிர்ஷ்டம். அதைப் பிறகு சொல்கிறேன்.

2022 என்ன வருடம் என்று இலங்கையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை, எரிபொருள் இல்லாமல் நாடே நின்ற வருடம். சீனக்குடாவில் 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கிற ஊரில், நாங்கள் பெற்றோல் செட் வரிசையில் காருக்குள்ளேயே படுத்தெழும்பினோம். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றார்கள். பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி அளந்து வாங்கும் பங்கீடு வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அனுராதபுரம் போய்வந்தால் அந்தக் கிழமைக்குரியது அனேகமாகத் தீர்ந்துவிடும். பிள்ளைகளை எதில் பள்ளிக்கு அனுப்புவது? அப்படியிருந்தும் முதல் சேர்விஸுக்கு நான் புக்கிங் போட்டேன். தள்ளிப் போட்டது அவர்கள். ஒயில் பில்டர் கையிருப்பில் இல்லை, பிறகு அறிவிக்கிறோம் என்று எஸ்எம்எஸ் அனுப்பினார்கள். பிறகு அறிவிக்கவேயில்லை.

அந்த எஸ்எம்எஸ் பழைய போனில் இருந்தது. அந்தப் போன் மகளின் ஒன்லைன் வகுப்புக்குப் போய், திரை வெடித்து, அலுமாரிக்குள் கிடந்தது. சார்ஜர் தேடிப்பிடித்து அதை உயிர்ப்பித்து, எஸ்எம்எஸ்ஸைத் திகதியோடு படம் எடுத்தபோது வந்த சந்தோசத்தை இங்கே எழுதி விளங்கப்படுத்த ஏலாது.

இரண்டாவது சேர்விஸை 2022 டிசம்பரில் மட்டிக்களியில் ஒரு கராஜில் செய்திருந்தேன். ஒயில் வாங்கின கடை பில் காரின் முன் லாச்சிக்குள்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் துண்டு. வெயிலில் நிற்கிற காருக்குள் அந்த மினுங்கல் தாள் பில்லில் ஓர் எழுத்தும் மிஞ்சாது, வாங்கின அன்றைக்கே போட்டோக்கொப்பி அடித்துவிடுங்கள். கராஜ் அண்ணையிடம் போனேன். "வரிக்காரன் கேட்டாக் காட்டோணுமெண்டு ஒரு பில் புத்தகத்தையும் நான் எறியிறேல்ல" என்று தட்டின் மேலிருந்து ஒரு கட்டை இறக்கினார். நீலக் கார்பன் பிரதியில் திகதி, கார் நம்பர், 31,480 கிலோமீற்றர், 0டபிள்யூ-20 ஒயில், பில்டர் எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது. ஓரத்தில் ஒயில் பட்ட பெருவிரல் அடையாளமும். வெளியில் சேர்விஸ் செய்தால் "சேர்விஸ் கூலி இவ்வளவு" என்று மொட்டையாக எழுதின பில்லை வாங்காதீர்கள். கார் நம்பர், மீற்றர், ஒயில் கிரேட் மூன்றும் இல்லாத பில் வாரண்டிக்கு உதவாது.

கனடாவில் இருக்கிற மச்சான் ஒரு வீடியோ அனுப்பினான். எங்கே சேர்விஸ் செய்தாலும் வாரண்டியை வெட்ட ஏலாது என்று சட்டமே இருக்காம். இருக்கிறதுதான், அமெரிக்காவில், 1975ல் வந்தது. அதைக் கொண்டுபோய் அனுராதபுரத்தில் காட்டினால் சிரிப்பார்கள். இங்கே பேசுகிறது உங்கள் கையில் இருக்கிற வாரண்டிப் புத்தகம்தான். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும், பொறுமையாக வாசியுங்கள். என் புத்தகத்தில் இருந்தது இவ்வளவுதான்: சரியாகப் பராமரிக்காததால் உண்டாகிற சேதத்துக்கு வாரண்டி இல்லை. ஒரு சேர்விஸ் விடுபட்டால் முழு வாரண்டியும் போகும் என்று எந்த இடத்திலும் இல்லை. என் காரில் இருப்பது கரண்டில் வேலை செய்கிற பவர் ஸ்டியரிங். ஒரு மோட்டர், ஒரு சென்சர், ஒரு கன்ட்ரோல் யூனிட். அதற்குள் ஒரு சொட்டு ஒயிலும் கிடையாது. எஞ்சின் ஒயில் மாற்றப் பிந்தினதால் ஸ்டியரிங் சென்சர் எப்படிப் பழுதாகும்?

கம்பனிக்காரன் எப்போதும் பிழை என்று சொல்லவும் மாட்டேன். என் அத்தானின் டீசல் கப் (பிக்கப்) வண்டிக்கு, எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுகிற டேர்போ போனபோது வாரண்டி தரவில்லை, அது நியாயம்தான். டேர்போவின் சில்லு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், அதன் பெயரிங்குகளைக் காப்பாற்றுகிறது எஞ்சின் ஒயில் ஒன்றுதான். அத்தான் ஒரு வருடத்துக்கு மேல் ஒயிலே மாற்றவில்லை. ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் உள்பக்கம் கறுத்த களி அப்பிக்கிடந்தது. எஞ்சின், டேர்போ, கியர்பொக்ஸ் பழுதுக்குச் சேர்விஸ் பதிவு இல்லாமல் போனால் நின்று பிடிப்பது கஷ்டம். ஸ்டியரிங், ஏசி, கண்ணாடி மோட்டர் மாதிரிச் சாமானுக்கு அதே காரணத்தைச் சொன்னால் விடாதீர்கள்.

கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். புத்தகத்தின் பிரிவு, எஸ்எம்எஸ், கார்பன் பிரதி, ஸ்கானர் படம், கடைசியில் அந்த ஒரே கேள்வி. கீழே "பிரதி: நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை" என்று போட்டு, கொழும்புத் தலைமைக்குப் பதிவுத் தபாலிலும் ஈமெயிலிலும் அனுப்பினேன். அந்தச் சபையின் 1977 என்ற போன் நம்பருக்கு அடித்தும் விசாரித்து வைத்தேன். அதுவரை போனே எடுக்காதவர்கள் பிறகு தாங்களாகவே அடித்தார்கள். குரலும் நல்லாக் குளிர்ந்திருந்தது.

ஆனாலும் நேராக வழிக்கு வரவில்லை. முதலில், "குட்வில்" என்று பாதிக் காசு தருகிறோம், இந்தப் பேப்பரில் கையெழுத்து வையுங்கள் என்றார்கள். வாசித்துப் பார்த்தால், வாரண்டி ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று நான் ஒப்புக்கொள்வதாக நடுவில் ஒரு வரி. கையெழுத்துப் போட்டிருந்தால் மற்றப் பாதியையும் மறந்துவிட வேண்டியதுதான். மாட்டேன் என்றேன். இழுபட்டு இழுபட்டு ஜனவரியும் பிறந்தது. இப்போது புதுக்கதை: ஐந்து வருடம் முடிந்துவிட்டதாம்! அங்கேதான் அந்த ஸ்கான் கூலி பில் கைகொடுத்தது. பழுது என்று நான் காரைக் கொண்டுபோன திகதி நவம்பர் என்று அவர்களுடைய சீலோடேயே அதில் இருந்தது. ஜொப் கார்ட், அதாவது வேலைப் பதிவுத் தாள், அன்றைக்குத் திறக்கவில்லை, பில் மட்டும் அடித்திருந்தார்கள். வாரண்டி முடியும் தறுவாயில் பழுது வந்தால், அவர்கள் ஏற்றாலும் மறுத்தாலும், காரைக் காட்டின திகதிக்கு ஒரு துண்டாவது வாங்காமல் வெளிக்கிடாதீர்கள்.

பெப்ரவரியில் கொலம் வந்தது. சாமானும் கூலியும் வாரண்டியில், அதே அனுராதபுரத்தில் மாற்றினார்கள். அதே அட்வைசர்தான் சாவியைத் தந்தார், அந்தப் பேச்சே எடுக்கவில்லை. வாரண்டி வேலைக்கு ஸ்கான் கூலி எடுக்கக்கூடாதே, அந்தக் காசைத் திருப்பித் தாருங்கள் என்றேன். கொழும்புக்கு எழுத வேண்டும் என்றார். எழுதியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.