சும்மாடு

மாதா கோயில் பூசையில் "ஒருவருக்கொருவர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்வோம்" என்று சாமியார் சொன்னதும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்புவோம். 5 வருடம் அந்த நேரத்தில் நான் இடப்பக்கம் திரும்பியதே இல்லை. அங்கே என் பெரியப்பா மகன் உட்கார்ந்திருப்பார்.

எல்லாம் 2019 உள்ளாட்சித் தேர்தலில் வந்தது. டிசம்பர் 27, 30 என்று இரண்டு கட்ட வோட்டுப்பதிவு. அதற்குள் கிறிஸ்துமஸ் வேறு. ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது, பூட்டு சாவி, ஆட்டோ மாதிரி பொதுச் சின்னங்கள்தான். ஆனால் எதன் பின்னால் எந்தக் கட்சி என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணன் ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம். கோயிலில் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்த இடத்திலேயே வாய்த்தகராறு. "காசு வாங்கிட்டு ஆள் சேர்க்கிறவர்தானே" என்று பத்துப் பேர் முன்னால் சொன்னேன். அது பொய். சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

என் அம்மா இறந்தபோது வந்தார். கல்லறையில் ஒரு பிடி மண் போட்டார். என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, உன்மேல் மனத்தாங்கல் உள்ள சகோதரனிடம் முதலில் போ என்று மத்தேயு 5-ம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறார். அந்த வசனம் வாசிக்கப்படும் நாளில்கூட காணிக்கைத் தட்டை எடுத்துப் போனது நான்தான். நெஞ்சு உறுத்தும். வெளியே வந்ததும், சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடும்.

2024 டிசம்பர் 1, கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. ஃபெஞ்சல் புயல் முந்தின இரவு புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்திருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்குப் புயல் என்றால் டிவியில் பார்ப்பது. அன்று இரவு அப்படி இல்லை. திங்கள் காலைக்குள் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர், ரோட்டில் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் அடித்துக்கொண்டு போனது.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த மக்களிடையே, வின்சென்ட் தே பவுல் சபை உண்டு. 1833-ல் பாரிசில் ஃபிரெடரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் அவர் நண்பர்களும் தொடங்கியது. அதற்கு மூன்றே வருடம் முன்புதான் அங்கே புரட்சி வெடித்து ராஜா மாறியிருந்தார். நாடே இரண்டுபட்டுக் கிடந்த நேரம். சபை எந்தக் கட்சியையும் சாராது என்பது இன்றுவரை விதி. ஏழைகளின் வீட்டுக்கு இருவர் இருவராகப் போவது வழக்கம். நானும் அண்ணனும் அதில் உறுப்பினர்கள்தான், ஆனால் எங்களை ஒரே ஜோடியாக யாரும் போட்டதில்லை. தண்ணீர் வடிந்த பிறகு, தலைவராக இருக்கும் ரிட்டயர்டு வாத்தியார் பட்டியல் வாசித்தார். என் பெயருக்கு அடுத்து அண்ணன் பெயர். வாசித்துவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

எங்களுக்குக் கிடைத்தது தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் வீடு. முழங்கால் உயரத்துக்குச் சேறு. அண்ணன் மண்வெட்டியால் அள்ளிச் சட்டியை நிரப்புவார், நான் சுமந்து போய் வெளியே கொட்ட வேண்டும். நிறைந்த சேற்றுச் சட்டியை ஒருத்தனாகத் தலைக்கு ஏற்ற முடியாது. நான் தூக்கிப் பார்த்தேன், வழுக்கியது. மறுபடி தூக்கினேன். அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். தோளில் கிடந்த துண்டை, கட்சிக் கரை போட்ட அதே துண்டை, முறுக்கிச் சுற்றிச் சும்மாடாக்கி என் தலையில் வைத்தார்.

"பிடி."

5 வருடத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. சட்டியின் விளிம்பில் அவர் கை ஒரு பக்கம், என் கை ஒரு பக்கம். மத்தியானம் வரை எத்தனை நடை என்று எண்ணவில்லை. ரேஷன் கார்டையும் ஆதாரையும் அவர் துடைத்துத் துடைத்து வெயிலில் காயவைத்தார்.

பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. "எந்தக் கட்சிக்காரங்கப்பா நீங்க?" என்று கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

"மாதா கோயில்லருந்து வர்றோம்மா" என்றார் அண்ணன்.

திரும்பும்போது வண்டியை எடுக்கப் போனவரிடம், "அன்னிக்கு நான் சொன்னது பொய்ண்ணா" என்றேன். அவர் சாவியைத் திருகிக்கொண்டே, "பொய்யின்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமாங்கிறதுதான் தெரியாம இருந்துச்சு. ஏறு" என்றார்.

நாங்கள் எந்தப் பதவிக்காக அடித்துக்கொண்டோமோ அதன் காலம் அடுத்த மாதமே, 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அம்மாவின் அடக்கத்தன்று அவர் தோளில் சாய்ந்து அழுதிருக்கலாம். அதை நினைத்தால் இப்போதும் தாங்கவில்லை.

அவர் கட்சியை விடவில்லை, நானும் விடவில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை அந்தப் பாட்டி வீட்டுக்குச் சேர்ந்து போகிறோம். வண்டியில் அரசியல் பேச்சு சூடாகத்தான் போகும். பாட்டி வீட்டுத் தெருமுனை வந்ததும் அவரே நிறுத்திவிடுவார். இந்தச் சனிக்கிழமைக்கு 5 கிலோ அரிசியும் மூட்டுவலித் தைலமும் கட்டி வைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு வாசலில் ஹாரன் கேட்கும்.