என் அலைச்சல்களை எண்ணியிருக்கிறவர்

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து இன்றோடு 22 நாள். திண்ணை வரை நடக்கிறார், ஸ்தோத்திரம். முடிந்ததை எழுதலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆபரேஷன் தியேட்டர் இல்லை, ஒரு கவுண்டர்தான்.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அம்மாவின் இதய வால்வைக் கெடுத்து வைத்திருக்கிறது. குடியாத்தத்தில் வருஷக்கணக்காகத் தீப்பெட்டி ஒட்டியவர், மூச்சு வாங்குவதைத் தீக்குச்சி மருந்துத் தூள், சளி என்றே நினைத்திருந்தார். வால்வை மாற்றியே ஆகவேண்டும், முதலமைச்சர் காப்பீட்டில் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது. அது இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

காப்பீட்டு மேசையில் இருந்தவர் ரேஷன் கார்டையும் ஆதாரையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, “இது ரெண்டு பேரா?” என்றார். ரேஷன் கார்டில் அம்மாவின் பழைய பெயர். ஆதாரில் ஞானஸ்நானம் எடுத்தபோது வைத்த பெயர். நம் வீடுகளில் இது எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும், சபையில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர், அதுவே பழகிப்போய்விடுகிறது. தயவுசெய்து இன்றைக்கே பீரோவைத் திறந்து எல்லாக் கார்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு சரிசெய்கிற வேலை இல்லை இது.

பெயரைத் திருத்தப் போன அலுவலகத்தில் முதல் நாள், ஆள் லீவு, திங்கட்கிழமை வா என்றார்கள். திங்கட்கிழமை போனால் இங்கே இல்லை, வேறு இடம் என்றார்கள். அந்த வேறு இடத்தில், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்ட எழுத்தர், நான் பதில் சொல்வதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். நான் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன், லீவு போட்டால் அன்றைய சம்பளம் கிடையாது. மூன்று நாள் சம்பளம் போய், கையில் ஒரு காகிதம் இல்லை, அம்மாவுக்கோ ராத்திரியில் படுத்தால் மூச்சு முட்டுகிறது.

அன்று சாயங்காலம் வேலூரிலிருந்து திரும்பும்போது, பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறியதும் எனக்கு நெஞ்சு இறுகிவிட்டது. விரல்கள் மரத்துப்போயின, காது அடைத்தது, அம்மாவுக்கு முன்னால் நான் செத்துவிடுவேன் என்று உறுதியாக நினைத்தேன். விருதம்பட்டில் இறங்கி ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் ஈசிஜி எடுத்தார்கள், நார்மல். பதற்றத்தில் இப்படி வரும், மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள் என்றார் டாக்டர். அதற்குப் பிறகும் இரண்டு தடவை வந்தது.

சபையில் ஒரு அக்காவிடம் சொன்னேன். “விசுவாசம் இருந்தா பயம் ஏன் வருது?” என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார், ஆனால் அந்த வார்த்தை அன்றிரவு முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. பயத்தோடு இருப்பவரிடம் இதைச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே இருக்கிற பயத்தோடு, கர்த்தர் என்னைத் தள்ளிவிட்டாரோ என்கிற பயத்தையும் சேர்த்துச் சுமக்கவேண்டியதாகிவிடும்.

எங்கள் ஆயர் வேறு மாதிரி பேசினார். 56ஆம் சங்கீதத்தை எடுத்து, “நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்” என்று வாசித்துவிட்டு, இதைத் தாவீது எங்கே வைத்துப் பாடினார் தெரியுமா என்று கேட்டார். காத் ஊரில். அது கோலியாத்தின் சொந்த ஊர். கோலியாத்தையே கொன்றவர், அவனுடைய பட்டயத்தை வைத்துக்கொண்டு அதே ஊருக்குள் போய், ராஜாவுக்குப் பயந்து, தாடியில் எச்சில் ஒழுகவிட்டுப் பைத்தியம் போல நடித்திருக்கிறார். பயப்படமாட்டேன் என்று ஆரம்பிக்கவில்லை, பயப்படுகிற நாளில் என்றுதான் ஆரம்பிக்கிறார். எட்டாம் வசனத்துக்கு வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. “என் அலைச்சல்களை தேவரீர் எண்ணியிருக்கிறீர்.” எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், அலைச்சல் என்கிற வார்த்தை அதுவரை என் கண்ணில் பட்டதே இல்லை.

அப்புறம் ஜெபம் பண்ணுவதை மாற்றிக்கொண்டேன். ஆபரேஷன், பணம், அம்மா பிழைப்பாரா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டால் பயம்தான் பெரிதாகியது. அடுத்த கவுண்டருக்கு மட்டும் கேட்டேன். மூச்சை இழுக்கும்போது ‘பயப்படுகிற நாளில்’, விடும்போது ‘உம்மை நம்புவேன்’. பயம் போகவில்லை, ஆனால் பயத்தோடேயே வரிசையில் நிற்க முடிந்தது.

வழி பிறந்ததும் ஆயரிடம் இருந்துதான். எழுத்தர் கேட்ட அத்தாட்சியைச் சொன்னதும், பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். பழைய பெயர், புதிய பெயர், தகப்பன் பெயர், தேதி, எல்லாம் ஒரே வரியில்! அதைப் பார்த்துச் சான்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். அதே எழுத்தர் இரண்டு தடவை படித்துவிட்டு, ஆதாரோடு சேர்த்து வாங்கிக்கொண்டார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டேன், பேச்சே வரவில்லை. உங்கள் சபைப் பதிவேட்டிலும் அந்த வரி இருக்கலாம், அவசரம் வருவதற்கு முன்பே ஒரு சான்று வாங்கி வையுங்கள்.

வருமானச் சான்று, சத்துவாச்சாரியில் காப்பீட்டுக் கார்டு பதிவு எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன. ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றபோது, என்னிடம் விசுவாசத்தைப் பற்றிக் கேட்ட அதே அக்கா தன் மகனையும் அவன் நண்பர்கள் மூன்று பேரையும் காலை முதல் பஸ்ஸில் அனுப்பிவைத்தார். அவர் மேல் இருந்த வருத்தம் அன்றோடு போய்விட்டது.

ஆபரேஷன் அன்று மறுபடியும் நெஞ்சு இறுகியது. எழுந்து, நடந்து, தண்ணீர் குடித்து, அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் அம்மா கண்ணைத் திறந்தார்.

வைத்திருப்பது உலோக வால்வு. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்கப் போடவேண்டும், அதற்காக, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனைக்கும் தவறாமல் போகவேண்டும். பஸ் டிக்கெட்டுகளை எல்லாம் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். நேற்று எண்ணிப் பார்த்தேன், வேலூருக்குப் பதின்மூன்று தடவை. வருகிற வியாழக்கிழமை பதினான்காவது, பாலத்தைத் தாண்டும்போது அம்மா பக்கத்தில் இருப்பார்.